காது மந்தமான ஃபேன்

இந்த பிஎல்டிசி ஃபேன் எங்கள் ஹாலுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. பழைய ஃபேன் இழுத்த 75 வாட்டில் பாதிகூட இழுக்காது, சத்தமில்லை, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விடியும்வரை ஓடும். இவ்வளவும் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் வாய் திறக்காதது ரிமோட்டைப் பற்றி.

சோபாவில் உட்கார்ந்து அமுக்கினால் அசையாது. எழுந்து நேர் கீழே போய்க் கையைத் தூக்கி அமுக்கினால் ‘பீப்’ என்று பணியும். “அதுக்குக் காது கேக்கல, கிட்டப் போய்ச் சொல்லுடா” என்றார் அம்மா. சர்வீஸ் சென்டர்காரர்களோ இரண்டு முறை ரிமோட்டை மாற்றிக் கொடுத்தார்கள். ரிமோட்டில் குறையே இல்லை; செல்போனின் முன்பக்க கேமராவில் பார்த்தால் அதன் எல்இடி பளிச்சென்று மின்னுகிறது.

அம்மா சொன்னதுதான் சரி. ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியை நொடிக்கு 38,000 தடவை துடிக்கவைத்து அனுப்புகிறது. ஃபேனில் இருக்கும் மூன்று கால் ரிசீவர் அந்தத் துடிப்பை மட்டும் வடிகட்டி எடுக்கும். எங்கள் ஹாலில் இருந்த பழைய சிஎஃப்எல் விளக்கின் எலக்ட்ரானிக் சோக்கும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் துடிக்கிறது. இப்படி ஓயாமல் இரைச்சல் வந்தால் ரிசீவர் தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். விளக்கை அணைத்ததும் சோபாவிலிருந்து கேட்டது. ஆனால் ஐந்தாம் வேகத்தில் ஓடும்போது மறுபடியும் செவிடு.

ஒன்றைப் பாராட்ட வேண்டும்: இத்தனை இரைச்சலிலும் அது தானாக நின்றதில்லை, வேகம் மாறியதில்லை. ஆர்டுயினோவில் சிக்னலைப் பிடித்துப் பார்த்தேன். பழகிய என்இசி முறைதான். முதலில் 9 மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஓர் அழைப்பு. பிறகு முகவரியும் கட்டளையும், ஒவ்வொன்றையும் அடுத்து அதன் தலைகீழ்ப் பிரதி. இரண்டும் பொருந்தாவிட்டால் ஃபேன் அதைக் குப்பையில் போட்டுவிடும். இவ்வளவு யோசித்தவர்கள் ஒரு கெபாசிட்டரில் கஞ்சத்தனம் பண்ணலாமா?

ஆம், கெபாசிட்டர். வாரண்டி போனால் போகட்டும் என்று மெயினை அணைத்துத் திறந்தேன். (வேலை தெரியாதவர்கள் கை வைக்காதீர்கள், போர்டு நேரடியாக மெயின் கரண்டில் இருக்கலாம்.) மோட்டாரைச் சுழற்றும் சர்க்யூட்டுக்குப் போகும் அதே மின்கம்பியில்தான் ரிசீவரும் தொங்குகிறது. மோட்டாருக்காக விட்டுவிட்டுப் பாயும் மின்சாரத்தின் அதிர்வெல்லாம் நேரே அதன் காதில். ரிசீவர் தயாரிப்பவர்களின் டேட்டாஷீட்டிலேயே சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வரைந்திருப்பார்கள். இங்கே அந்த இடம் காலி. 100 ஓம் ஒன்று, 4.7 மைக்ரோஃபாரட் ஒன்று, இரண்டையும் ரிசீவரின் கால்களை ஒட்டியே பற்றவைத்தேன். ஒரு டீ விலைகூட ஆகவில்லை. சிஎஃப்எல் போய் எல்இடி வந்தது. இப்போது ஐந்தாம் வேகத்திலும் சமையலறை வாசலிலிருந்து கேட்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, பத்தடி தள்ளி நின்று அமுக்கிப் பாருங்கள். பக்கத்தில் அதே மாடல் ஃபேன் தொங்கினால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். முகவரி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. அதனால்தான் படுக்கையறைக்கு இன்னொன்று வாங்கத் தயங்குகிறேன்.