கரிப்படம் பார்க்க, முதலில் கோட்டை விடுங்கள்

சுவரில் அடுப்புக்கரியால் மூன்று கோடு இழுத்து ஸ்டம்ப் வைத்து ஆடாத பையன் எங்கள் வத்தலக்குண்டில் கிடையாது. வீட்டுக்காரர் வந்து திட்டுவார், ஈரத்துணியால் துடைப்பார். மறுநாள் அதே இடத்தில் மறுபடி மூன்று கோடு. ஆனால் பழைய ஸ்டம்புகள் முழுசாகப் போகாது. சாம்பல் நிறத்தில் ஆவி மாதிரி நிற்கும். பந்து பட்டது புது ஸ்டம்பிலா, பழைய ஸ்டம்பிலா என்று ஆட்டம் பாதியில் நின்று சண்டையாகும். கரியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தச் சுவரிலேயே இருந்தது. ஓவியக் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம் மூக்கால் அழுத பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

சேரும்போது நான் பென்சில்காரன். சினிமா நடிகர் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய தாளில் போட்டு, மீசையை மயிர் மயிராக வரைவேன். ஊரில் அதற்கு நல்ல பெயர். கல்லூரியில் முதல் ஃபிகர் வகுப்பிலேயே பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கரித்துண்டைக் கொடுத்தார்கள். மாடலாக உட்கார்ந்தவர் வேட்டி கட்டிய ஒரு பெரியவர். நான் காதிலிருந்து ஆரம்பித்தேன். நேரம் முடிந்தபோது என் தாளில் அருமையான ஒரு காதும் அரை மூக்கும் இருந்தன. மற்ற இடமெல்லாம் சைக்கிள் கடைக்காரர் கை துடைத்த துணி. வாத்தியார் வந்து பார்த்தார். "கோடு இருக்கு. ஆள் இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த போர்டுக்குப் போய்விட்டார்.

கரிப்படத்தைப் பார்க்கப் போகிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். மூக்கு சரியா, கண் சரியா, போட்டோ மாதிரி இருக்கிறதா என்று கோடு கோடாகத் தேடுகிறார்கள். கரி அதற்கான சாமான் அல்ல. காற்றுப் படாமல் வெந்த மரம் அது. பொடித்துப் பார்த்தால் சிராய்ச் சிராயாக இருக்கும். அந்தச் சிராய்கள் தாளின் சொரசொரப்பில் சும்மா தங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். ஊதினால் பாதி பறந்துவிடும். பென்சிலின் கிராஃபைட் தகடு தகடானது, தாளில் படிந்து பளபளக்கும். கண்ணாடி போட்ட படம் எதையாவது பார்க்கும்போது கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். கறுப்பு மினுங்கினால் பென்சில். வெளிச்சத்தைக் குடித்துவிட்டுக் கம்மென்று இருந்தால் கரி. அடுப்பங்கரைக் கூரையில் படிந்த கறுப்பும் இதே ஜாதிதான். இவ்வளவு கனமான இருட்டைக் கையில் வைத்துக்கொண்டு மீசை மயிர் வரைவது, கடப்பாரையால் காது குடைகிற வேலை.

முதல் வருஷ லீவில் ஊருக்கு வந்தேன். கொடைக்கானல் போகிறவர்களுக்கு வத்தலக்குண்டு என்றால் டீ குடித்துவிட்டு பஸ் மாறுகிற இடம். படிக்கிறவர்களுக்கு ராஜமய்யர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா என்று பேனா பிடித்தவர்களின் ஊர். படம் வரைகிறவனுக்கு இது காத்துக்கொண்டு நிற்கிறவர்களின் ஊர். நிற்கிற ஆளைவிட நல்ல மாடல் கிடையாது, காசும் கேட்கமாட்டார். சென்னை ஓவியக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக எழும்பூர், சென்ட்ரல் ஸ்டேஷன்களில் போய் உட்கார்ந்து வரைந்ததும் இதற்காகத்தான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. இரண்டு ஸ்டேஷனும் கூப்பிடு தூரம். எனக்குக் கிடைத்தது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட்.

அங்கே லோடுமேன் ஒருவர். மலையிலிருந்து இறங்கிய பூண்டு மூட்டையை இரண்டு பேர் தூக்கி அவர் முதுகில் வைக்கிறார்கள். மூட்டை உட்கார்ந்த கணத்தில் முழங்கால் கொஞ்சம் இறங்குகிறது. இடது பாதம் தானாக வெளிப்பக்கம் திரும்புகிறது. ரப்பர் செருப்பின் குதி நசுங்கி மண்ணோடு மண்ணாகிறது. வலது காலோ இன்னும் கனம் வாங்கவில்லை. கட்டை விரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் இரண்டு விநாடி. கோடு போட நேரமில்லை. கரித்துண்டை ஒடித்து, பட்டையாகப் படுக்கவைத்து, மூட்டையிலிருந்து அந்தக் குதிகால்வரை ஒரே இழுப்பு இழுத்தேன். இடுப்பு மடிகிற இடத்தில் கை தானாக அழுந்தி அங்கே கறுப்பு திரண்டது. முகம் இல்லை, விரல் இல்லை. ஆள் இருந்தார்.

"கோட்டை விட்டுட்டியே" என்று கேலி பேசுவோமே, அதை அன்றைக்கு நல்லபடியாகச் செய்தேன்.

ஆக, ஓர் ஆளைக் கரியில் வரைந்த படத்தின் முன் நிற்கும்போது முதலில் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். ஓவியர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். வெயிலில் பஸ் போர்டு படிக்கிற மாதிரி முகம் கோணினாலும் பரவாயில்லை. சில்லறை விவரமெல்லாம் கரைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். இருட்டு எங்கே திரண்டிருக்கிறது? அக்குளிலா, முழங்காலுக்குப் பின்னாலா, பாதத்துக்கு அடியிலா? நல்ல கையாக இருந்தால் உடம்பின் கனம் இறங்குகிற பாதையில்தான் கறுப்பு போய்ச் சேர்ந்திருக்கும். பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன அழுத்தம் இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் தொங்குவார். நிறையப் படங்களில் தொங்குகிறார்கள்.

பிறகு, மனசுக்குள் ஒரு தூக்குக்குண்டு கட்டுங்கள், கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற மாதிரி. நூலின் நுனி தொண்டைக்குழியில். ஒரு காலில் கனம் கொடுத்து நிற்கிறவரானால் குண்டு அந்தக் காலின் கணுக்கால் பக்கம் போய் நிற்க வேண்டும். அந்தப் பக்கத்து இடுப்பு ஏறியிருக்கும், தோள் இறங்கியிருக்கும். இது நமக்குப் புதிதில்லை. கோயில் செப்புத் திருமேனிகளில் திரிபங்கம் என்று ஸ்தபதிகள் வார்த்தது இதைத்தான். அவர்களும் நூல் பிடித்துத்தான் அளந்தார்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவிடம் திரிபங்கத்தைப் பார்க்கலாம். அவளே தலையில் சும்மாடு வைத்து வெற்றிலைக் கூடையை ஏற்றிக்கொண்டால் எல்லாம் மாறிவிடும். கழுத்து கம்பி மாதிரி நிற்கும், ஆட்டம் முழுக்க இடுப்புக்குக் கீழே போய்விடும். கூடை தலையில் இருக்கிற பெண்ணை வளைந்த கழுத்தோடு வரைந்திருந்தால் அந்த ஓவியர் போட்டோ ஸ்டுடியோவைத் தாண்டி வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கனத்துக்கு இன்னொரு பாடம் வேண்டுமென்றால் மெரினா போங்கள். உழைப்பாளர் சிலை. 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்று அதன் முதல் இந்திய முதல்வரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அது வெண்கலம், கரி அல்ல. ஆனால் விடிகாலையில் ரோட்டுப் பக்கம் நின்று பாருங்கள். கடல் பின்னால் வெளுத்துக்கொண்டு வரும்போது தசையும் முகமும் அணைந்து, வெறும் நிழலுருவம் நிற்கும். அப்போதும் யார் முழுசாகத் தள்ளுகிறார், யாருடைய கனம் எந்தக் காலில் என்று சொல்ல முடிகிறதல்லவா? அதுதான் கரிப்படம்.

அழிப்பானுக்கு வருவோம். பென்சில்காரனுக்கு ரப்பர் என்பது தப்பை மறைக்கிற சாமான். கரியில் அது இன்னொரு தூரிகை. தாள் முழுக்கக் கரியைத் தேய்த்து இருட்டாக்கி, ஒரே ஒத்தலில் நெற்றி வெளிச்சத்தை எடுப்பார்கள். மாவு மாதிரி பிசைகிற ரப்பர் அதற்கென்றே இருக்கிறது. ரப்பர் வருவதற்கு முந்தைய காலத்தில் ஐரோப்பாவில் ரொட்டியின் மெத்தென்ற உள்பகுதியால் துடைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் டீக்கடைப் பன்னை வைத்துத் துடைத்தேன். பன்னிலிருந்த டால்டா தாளில் ஏறி, மாடலாக இருந்த பாட்டியின் கன்னத்தில் இன்றைக்கும் வடை மடித்த பேப்பர் மாதிரி ஒரு மினுமினுப்பு இருக்கிறது. எனவே, படத்தில் வெளிச்சமான இடம் வெறுமனே விட்ட தாளா, இருட்டிலிருந்து எடுத்ததா என்று கவனியுங்கள். எடுத்த வெளிச்சத்தின் அடியில் லேசான சாம்பல் இருக்கும். விட்ட வெளிச்சம் பச்சையாகத் தெரியும். இரண்டுக்கும் ருசி வேறு.

துடைத்தும் போகாத பழைய கோடுகளையும் தேடுங்கள். எங்கள் சுவரிலிருந்த ஆவி ஸ்டம்புகள்தான் அவை. கையை முதலில் கொஞ்சம் மேலே வைத்து, பிறகு இறக்கியிருப்பார். மேலே இருந்த கை மங்கலாக அங்கேயே நிற்கும். எனக்குக் கரிப்படத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான். ஓவியர் யோசித்த யோசனை அப்படியே மேஜை மேல் கிடக்கிறது. மையில் இந்தச் சௌகரியம் இல்லை. துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்த ஆதிமூலம் காந்தியை வரைந்த கோட்டோவியங்களைப் பாருங்கள், எழுத்தாளர் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்த படங்களைப் பாருங்கள். இழுத்தது இழுத்ததுதான், யோசனையெல்லாம் கோடு விழுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆதிமூலத்தைப் பார்த்தால் மலைப்பு வரும். கரிப்படம் பார்த்தால் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றும்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரமிருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் கரியால் தன்னையே வரைந்துகொண்ட படம். இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. செல்போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். பக்கவாட்டு முகம். அறுபத்தைந்து வயசுத் தளர்ச்சி கன்னத்தில் மெல்லப் படிந்திருக்கிறது. எதிரே தாளைத் தொடுகிற கை, கரித்துண்டோடு. முகத்தையும் கையையும் அவ்வளவு பொறுமையாகச் செய்தவர், நடுவிலிருக்கிற புயத்தை வரையவேயில்லை. கரியைப் படுக்கவைத்துத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை இங்கும் அங்குமாக ஒரே கிறுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் அது சட்டைக் கை. கிட்டப் போனால் வேகம் மட்டும்தான். கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஓடுகிற மின்சாரத்தை வரைந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். இதே இடத்தில் சட்டை மடிப்பை ஒழுங்காக வரைந்திருந்தால் நாம் ஒரு கிழவி படம் என்று தாண்டிப் போயிருப்போம்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரிகளில் மாணவர் கண்காட்சி நடக்கும்போது போங்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அருங்காட்சியகமே இருக்கிறது.

ஆனால் ரசனைக்குக் குறுக்குவழி, கையைக் கொஞ்சம் அழுக்காக்கிக்கொள்வதுதான். வரையத் தெரிய வேண்டாம். கடைகளில் 'வைன் சார்கோல்' என்று விலை போட்டு விற்பது வேறொன்றுமில்லை, திராட்சைக் கொடியின் குச்சிக்கரி. கம்பம் பக்கம் கவாத்து பண்ணி முடித்த திராட்சைத் தோட்டத்தில் அந்தக் குச்சி கட்டுக்கட்டாகக் கிடக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கி, பட்டையை உரித்து, ஒரு மிட்டாய் டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு அடுப்பில் வையுங்கள். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றால் வெந்தது. அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் காற்று பட்டுச் சாம்பல்தான் மிஞ்சும், ஆறவிடுங்கள். 1400ஐ ஒட்டி சென்னினோ சென்னினி என்ற இத்தாலியர் எழுதிய கைவேலைக் குறிப்பிலும் கிட்டத்தட்ட இதுதான்: வில்லோ மரக்குச்சிகளைப் புதுச் சட்டியில் அடைத்து, களிமண்ணால் பூசி மூடி, ராத்திரி ரொட்டிக்காரன் அடுப்பில் விட்டுவிட்டுக் காலையில் போய் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பழுப்புத் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். ஆளுக்கு அரை நிமிஷம், அதற்கு மேல் கூடாது. சாயங்காலம் நல்லது; மேற்கே மலை வெயிலைச் சீக்கிரம் வாங்கிக்கொள்வதால் எல்லாரும் பாதி நிழலாகிவிடுவார்கள். கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் ஏரிக்கரையில் வரையலாம் என்றால், பனி இறங்கும்போது வேண்டாம். தாள் ஈரம் வாங்கிக் கரியைக் கவ்விக்கொள்கிறது, என்ன துடைத்தாலும் விடுவதில்லை. அழிக்க முடியாத கரியில் எனக்குச் சுவாரசியமில்லை.

அந்த லோடுமேன் படத்தைக் கேட்டு வாங்கினார். தாளின் இடது பாதியில் அவரும் மூட்டையும், வலது பாதி காலி. "மூஞ்சி எங்கப்பா?" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளி எட்டிப் பார்த்தார். "மூஞ்சி எதுக்கு? அந்தக் காலப் பாரு. நீயேதான்." கரி ஒட்டாமலிருக்க மேலே அடிக்கிற ஸ்ப்ரே கையில் இல்லை. "மடிக்காதீங்கண்ணே" என்று நான் சொல்வதற்குள் இரண்டாக மடித்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை என்னைப் பார்த்ததும் கூப்பிட்டுத் தாளை விரித்துக் காட்டினார். காலியாக இருந்த பாதியில் கரி ஒட்டி, இடம் வலம் மாறி, மங்கலாக இன்னொரு ஆள் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து ஒருத்தனாத் தூக்குனேன் தம்பி" என்றார். "இன்னிக்கு ரெண்டு பேரு."