ஆண்டிறுதிக் காணிக்கை: கூடுதலும் பற்றாக்குறையும்

வாரந்தோறும் படைக்கும் வழக்கமான காணிக்கைக்கு மேலாக, டிசம்பரில் தனியே ஒரு தொகையைத் தருமாறு சபையாரை ஊக்குவிக்கும் வழக்கம் அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. அதன் வலிமைக்குத் தென் பாப்திஸ்து சபைகளின் கிறிஸ்துமஸ் காணிக்கை நல்ல சான்றாகும். சீனாவின் ஷான்டுங் பகுதியில் ஊழியம் செய்த லாட்டி மூன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தை ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் ஒதுக்கும்படி 1887இல் தாயகத்துப் பெண்களுக்கு எழுதி வேண்டினார். மறு ஆண்டில் திரண்ட 3,315 டாலர், மூன்று பெண் ஊழியர்களைச் சீனாவுக்கு அனுப்பப் போதுமானதாயிற்று. தந்தவர்கள் தங்கள் பணம் எங்கே, எதற்காகப் போகிறது என்பதை அறிந்தே தந்தார்கள் என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. 1918 முதல் அவர் பெயரையே தாங்கிவரும் அக்காணிக்கை வெளிநாட்டு ஊழியத்துக்கே உரியதாகையால், உள்ளூர் ஆலயத்தின் மின்கட்டணமும் கூரைப் பழுதும் அதில் பங்கு கேட்பதில்லை.

சபையின் வரவுசெலவில் துண்டு விழும்போது அதை ஈடுகட்ட எழும் டிசம்பர் வேண்டுகோள் இதனின்று அடிப்படையிலேயே வேறானது. அது கூடுதல் என்னும் பெயரைச் சூடிக்கொண்டாலும், உண்மையில் ஆண்டு முழுவதும் வராமற்போனதைக் கேட்கிறது. வாரந்தவறாமல் தந்தவர்கள் மீதே மீண்டும் சுமையை ஏற்றுவதோடு, தராதவர்களுக்கு ஆண்டிறுதிவரை காத்திருக்கலாம் என்ற பாடத்தையும் கற்பிக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பொருள் திரட்டிய பவுல், தாம் வந்தபின் அவசரமாகச் சேர்க்க நேராதபடி, வாரத்தின் முதல்நாளில் அவரவர் வரவுக்கேற்ப எடுத்துவைக்குமாறு கொரிந்து சபைக்கு அறிவுறுத்தியதை இங்கு நினைவுகூர வேண்டும். அவர் திரட்டியதும் ஒரு சிறப்புக் காணிக்கையே. ஆகவே அவர் கூற்று சிறப்புக் காணிக்கையை விலக்கவில்லை, கடைசிநேர நெருக்கடியையே விலக்குகிறது.

வரிச்சலுகையைக் காட்டி ஊக்குவிப்பது இன்னும் நுட்பமான சிக்கலாகும். நன்கொடைத் தொகையை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமை அமெரிக்காவில் 1917இல் வந்தது. டிசம்பர் 31க்குள் அஞ்சலிட்ட காசோலை அவ்வாண்டுக் கணக்கிலேயே சேரும் என்பதால், அந்நாளை நினைவூட்டுவது சபைகளின் வழக்கமாயிற்று. ஆயினும், செலவுகளைத் தனித்தனியே காட்டாமலே அனைவரும் கழித்துக்கொள்ளக்கூடிய நிலையான தொகை, 2018இல் தம்பதியர்க்கு 24,000 டாலராக ஏறக்குறைய இருமடங்கு உயர்ந்தபின், வரி செலுத்துவோரில் பத்தில் ஒன்பது பேர் அதையே தேர்ந்தனர். அதைத் தேர்ந்தவர் நன்கொடையைத் தனியே கழிக்க இயலாததால், பிரசங்க மேடையில் சொல்லப்பட்ட வரிச்சலுகை பெரும்பாலும் வசதிமிக்க சிலரை நோக்கியதாகவே முடிந்தது. 2026 முதல் நிலையான தொகையைத் தேரும் தம்பதியரும் நன்கொடையில் 2,000 டாலர் வரை கழிக்கலாம் என்னும் சட்டம் இக்குறையை ஓரளவு தணிக்கிறது. எனினும் இச்செய்திக்கு உரிய இடம் பொருளாளரின் கடிதமேயன்றி ஆராதனை அன்று. ஆராதிக்க வந்தவரை வரி செலுத்துபவராக நிறுத்தும் பேச்சு காணிக்கையின் பொருளையே சுருக்கிவிடுகிறது.

ஊக்க ஊதியம் பெறுவோர்க்கு டிசம்பர் கைநிறையும் காலமாயினும், நாட்கூலிக் குடும்பத்துக்கு அது குளிருக்கு வீட்டைச் சூடேற்றும் செலவும் கடன் அட்டை நிலுவையும் சேர்ந்து அழுத்தும் மாதமாகும். இலக்கு எவ்வளவு நிரம்பியது என ஆலய முகப்பில் வரைந்து வைக்கும் படம் அத்தகையோரைக் கூசச் செய்யும். ஆதலால், இல்லாதவர்க்கு உதவும் நிதி சபையில் இருப்பதையும், அதைக் கேட்டுப் பெறும் வழியையும், கூடுதல் காணிக்கை கேட்கப்படும் அதே ஞாயிறன்று அதே மேடையிலிருந்து அறிவிப்பது போதகரின் கடமையாகிறது.