வால்வைத் திருப்பிய பிறகு ஸ்பானரை எடுங்கள்

லேண்ட் ரோவர் 109 பிக்-அப்பைக் கொண்டாடுகிறவர்களிடம் அதில் எது அழகு என்று கேட்டால் அலுமினிய உடம்பு என்பார்கள், இலை ஸ்பிரிங் என்பார்கள், இன்னும் சிலர் பானெட்டின் மேல் படுத்திருக்கும் ஸ்பேர் டயரைக் காட்டுவார்கள். என் ஓட்டு இருக்கைப் பெட்டியோரம் முளைத்திருக்கும் டாங்கி மாற்று வால்வுக்குத்தான். 1971 முதல் 1985 வரை வந்த மூன்றாம் வரிசையில், ராணுவத்துக்கென்று கட்டிய 109களுக்கு முன் இருக்கைகள் இரண்டின் அடியிலும் தலா 10 காலன், அதாவது சுமார் 45 லிட்டர் டாங்கி. தூரப் பயணத்துக்காக வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் கோலாலம்பூரின் பங்சாரில் வண்டி வைத்திருப்பவருக்கு 90 லிட்டர் எதற்கு? எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் நிலையம் இருக்கிறது. அதனால் இரண்டாவது டாங்கி வீண் சுமை என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. எண்ணெய்ப் பாதையில் வரும் கோளாறை ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் பாதியாக வெட்டிக் காட்டும் வசதி பழைய வண்டிகளில் இரட்டை டாங்கிக்கு மட்டும்தான் உண்டு. அந்த வசதியின் பெயர்தான் மாற்று வால்வு.

ஜாலான் மாரோஃப் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் ஓடுகிறது, ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது. வழக்கமான பட்டறையில் பில்டரை மாற்றுவார்கள், சரியாகாவிட்டால் பம்பை மாற்றுவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் கார்பரேட்டரைக் கழற்றுவார்கள். 109 வைத்திருப்பவர் வால்வைத் திருப்பினால் போதும். அடுத்த டாங்கியிலும் அதே திணறல் என்றால் குற்றவாளி வால்வுக்கு இந்தப் பக்கம், இரண்டு டாங்கிகளுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறான்: பம்ப், அதன் கண்ணாடிக் கிண்ணம், செனித் கார்பரேட்டர். அந்த செனித்தின் மேல்மூடி வளைந்து போவதும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிவதும் ஊரறிந்த சங்கதி. திணறல் நின்றுவிட்டால் முதல் டாங்கி, அதன் உறிஞ்சு குழாய், அதன் மூடி, இவ்வளவுதான் பாக்கி. மூடியையும் சும்மா விடக் கூடாது. காற்றுத் துளை அடைபட்ட மூடி டாங்கிக்குள் வெற்றிடத்தை உண்டாக்கி, சற்று நேரம் ஓடியதும் என்ஜினை நிறுத்திவிடும். திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். இரண்டு மூடிகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் மூடியோடு சேர்ந்து அடுத்த டாங்கிக்குப் போனால் வழக்கு முடிந்தது. செலவு ஒரு காசு இல்லை.

திருப்பிய கையோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குழாயிலும் கிண்ணத்திலும் கார்பரேட்டரின் மிதவை அறையிலும் கிடப்பது பழைய டாங்கியின் எண்ணெய். அது எரிந்து தீரும்வரை புது டாங்கியின் குணம் தெரியாது. சும்மா நிறுத்தி ஓடவிட்டால் சில நிமிடங்கள் பிடிக்கும். இந்தப் பொறுமை இல்லாமல் இரண்டு டாங்கியிலும் கோளாறு என்று முடிவு செய்து நல்ல பம்பைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு.

வால்வே கெட்டுப்போனால் இந்தச் சோதனை என்னாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 109-இன் பம்ப் என்ஜினின் விலாவில் உட்கார்ந்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறது. டாங்கியிலிருந்து பம்ப் வரை உள்ள பாதை முழுக்க உறிஞ்சும் பக்கம். ஓடும்போது அங்கே விரிசல் கண்டால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே நுழையும். தரையில் சொட்டைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். கண்ணாடிக் கிண்ணத்தைத்தான் பார்க்க வேண்டும்: பொடிப் பொடியாகக் குமிழி ஏறிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்றுப் பிடிக்கிறது. வால்வின் உள் அடைப்பு தேய்ந்திருந்தால் மூடியிருக்க வேண்டிய பக்கத்திலிருந்தும் பம்ப் இழுக்கும். அந்தப் பக்க டாங்கி காலி என்றால் இழுப்பது வெறும் காற்று. ஆகவே இரண்டு டாங்கியிலும் எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். அடுத்தது காலியாக இருக்கும்போது மட்டும் நோய் தலைகாட்டினால் வால்வுதான் நோயாளி. தன் குறையையும் தானே காட்டிக்கொடுக்கும் கருவியை நம்பாமல் வேறு எதை நம்புவது? எண்ணெய் முள்ளிலும் இதே தருக்கம் செல்லும். ஒரு டாங்கியில் மட்டும் முள் பொய் சொன்னால் அந்த டாங்கியின் மிதவை. இரண்டிலும் பொய் சொல்லி வெப்ப முள்ளும் கூடவே ஆடினால், அந்த இரண்டு முள்ளுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

ஃபோர்டு எஃப் வரிசை ரசிகர்கள் இதை ஏற்க மாட்டார்கள். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அதைத் தட்டினால் வால்வும் முள்ளும் டாங்கிக்குள் இருக்கும் மின்பம்பும் சேர்ந்து மாறும் என்பது அவர்கள் பெருமை. ஓட்டுவதற்குச் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றையும் ஒரே தட்டலில் மாற்றுகிற சுவிட்ச் சோதனைக்கு உதவுவது குறைவு. ஒரு டாங்கியில் வண்டி நின்றால் எண்ணெயா, பம்பா, ஒயரா, வால்வை நகர்த்தும் மோட்டாரா என்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். போதாக்குறைக்கு, பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு மிஞ்சிய எண்ணெய் டாங்கிக்குத் திரும்புகிறது. வால்வு பாதியில் சிக்கினால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் கொட்டி வழியவிடும். எஃப் வரிசையின் பேர்போன வியாதி இதுதான். கார்பரேட்டர் 109-இல் திரும்பும் குழாயே இல்லை. கையால் திருப்பும் வால்வில் விரலுக்கே இறுக்கம் தெரியும், தளர்வும் தெரியும். ஸ்கேனர் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில்: கணினியே இல்லாத வண்டியில் ஸ்கேனரை எங்கே செருகுவீர்கள்?

திரும்பும் குழாய் என்றதும் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பழைய லேண்ட் ரோவரில் ஜப்பானிய டீசல் என்ஜினை ஏற்றுவது இங்கே சகஜம். கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் அப்படிப்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. என்ஜினை அழகாகப் பொருத்துகிறார்கள், ஆனால் இரட்டை டாங்கி வண்டியில் திரும்பும் எண்ணெயை ஏதாவது ஒரு டாங்கியில் நிரந்தரமாக விட்டுவிட்டால் வேலை கெட்டது. வலதிலிருந்து எடுத்து இடதில் நிரப்புகிற வண்டி, ஒருநாள் இடது மூடி வழியாக வழியும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பாதையையும் சேர்த்து மாற்றுகிற ஆறு வாய் வால்வைப் போட வேண்டும். இதைக் கேட்டு வாங்கிப் போடுகிற போர்மன்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வால்வைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டு, இரண்டாவது டாங்கியை வெறும் தகரமாகத் தொங்கவிடுவதுதான் இன்றைய பட்டறைப் பரிகாரம்.

டீசல்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2019-இல் நம் நிலையங்களுக்கு 10 விழுக்காடு செம்பனை மெத்தில் எஸ்டர் கலந்த டீசல் வந்தது. அது சாதாரண டீசலைவிட அதிகமாக நீரைப் பிடித்துவைக்கும். டாங்கியில் பல வருடம் ஒட்டிக் கிடந்த கசடையும் கழுவிக் கிளப்பும். பாதி காலியாகக் கிடக்கிற டாங்கி கோலாலம்பூரின் ஈரக்காற்றை உள்ளே இழுத்து, இரவுக் குளிரில் நீராக வடிக்கும். அந்த நீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகி பில்டரை அடைக்கும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு இரண்டு டாங்கியையும் நிரப்பக் கை வராதுதான். இருந்தாலும் காலி டாங்கி மிச்சப்படுத்தும் காசை அடைபட்ட இன்ஜெக்டர் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே இரண்டாவது டாங்கியைக் கழற்றச் சொல்லும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். இரண்டிலும் எண்ணெய் வையுங்கள், வாரம் ஒருமுறை வால்வைத் திருப்பி இரண்டையும் மாறி மாறி ஓட்டுங்கள். வண்டி திணறும் நாளில் போர்மனைக் கூப்பிடுவதற்கு முன்னால் எந்த டாங்கியில் திணறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல போர்மன் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.