திடலும் முன்றிலும்: ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியக வெளியின் மறுவடிவமைப்பு

அருங்காட்சியகத்தை அடுத்துள்ள பொதுவெளியைக் குறிக்கத் தமிழில் சதுக்கம், திடல், மன்றம், முன்றில் எனச் சொற்கள் பல உள. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. சதுக்கம் தெருக்கள் நான்கு கூடுமிடம். திடல் திறந்த நிலம். மன்றம் ஊரார் கூடுமிடம். முன்றிலோ இல்லின் முன்பகுதி. ஆம்ஸ்டர்டாமின் 'மியூசியம்பிளைன்' என்னும் பெயரைத் தமிழாக்குவோர் இவற்றுள் எதனைக் கொள்வது? 'பிளைன்' என்னும் டச்சுச் சொல் சமநிலம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. எனினும் இவ்வினாவுக்கு விடை சொற்பிறப்பில் இல்லை. அவ்வெளியின் அமைப்பிலேயே உள்ளது.

1883இல் உலகக் கண்காட்சி நடைபெற்ற இந்நிலத்தின் ஒரு முனையில் கைப்பர்ஸ் வடிவமைத்த ரைக்ஸ் மியூசியம் 1885இல் திறக்கப்பட்டது. மறுமுனையில் 1888இல் கொன்செர்ட்கெபவ் இசையரங்கும், பக்கவாட்டில் 1895இல் ஸ்டேடலிக் அருங்காட்சியகமும், 1973இல் வான்கோ அருங்காட்சியகமும் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன் நடுவே ஓடிய அகன்ற சாலையை நாட்டின் மிகக் குறுகிய தொலைவுடைய நெடுஞ்சாலை என மக்கள் எள்ளினர்.

டென்மார்க்கில் பணியாற்றிய சுவீடிய நிலத்தோற்றக் கலைஞர் ஸ்வென் இங்வார் ஆண்டர்சனின் திட்டம் 1999இல் நிறைவுற்றது. சாலை நீங்கியது, புல்வெளி விரிந்தது, ஊர்தி நிறுத்தமும் பல்பொருள் அங்காடியும் நிலத்தடிக்குச் சென்றன, ரைக்ஸ் மியூசியத்தின் அருகே நீள்சதுரக் குளம் அமைந்தது. அதன் நீர்ப்பரப்பு குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளமாகிறது. ஊர்தியிடமிருந்து நிலத்தை மீட்டு நடப்போர்க்கு அளித்தமை இத்திட்டத்தின் தலையாய பேறு எனலாம்.

ஆயினும் அன்று உருவானது திடலே, முன்றில் அன்று. ரைக்ஸ் மியூசியத்தின் முகம் மறுபுறக் கால்வாயை நோக்கியது. ஸ்டேடலிக், வான்கோ அருங்காட்சியகங்களின் வாயில்கள் பக்கத்துத் தெருவில் இருந்தன. புதிய வெளி அம்மூன்றிற்கும் கொல்லைப்புறமாகவே அமைந்தது. 2012இல் ஸ்டேடலிக்கின் விரிவாக்கமும், 2015இல் வான்கோ அருங்காட்சியகத்தின் புதிய நுழைவுக் கூடமும் திடல் நோக்கித் திறந்த பின்னரே அது அவ்விரண்டிற்கும் முன்றிலாயிற்று. 'இல்முன்' என்பது 'முன்றில்' என மாறிவருவதை இலக்கணப் போலி என்பர். இங்கு மாறியது சொல்லன்று. கட்டடத்தின் முன்னும் பின்னுமே மாறின. முன்றிலை ஆக்குவது புல்வெளியன்று, வாயில் என்பது இதனால் பெறப்படும்.

அங்காடியின் மேல் சரிந்தெழும் புல்மூலையை மக்கள் 'கழுதைக்காது' என்பர். டச்சு மொழியில் அச்சொல் நூலேட்டின் மடிந்த மூலையையும் சுட்டும். ஆங்கிலத்தில் அது நாய்க்காது. 'கழுதைக்காது' எனத் தமிழாக்கினால் விலங்கு எஞ்சும், ஏடு மறையும். 'ஏட்டுமடிப்பு' என்றால் ஏடு எஞ்சும், நகை மறையும். திடலை ஒரு தாளாகக் கண்டு அதன் மூலையை மடித்த உருவகத்தை உணர்த்துவதால் பின்னதே ஏற்புடையது.

குளத்தருகே நின்ற, ஆளுயரத்தை விஞ்சிய 'ஐ ஆம்ஸ்டர்டாம்' எழுத்துகள் வேறு வகையின. நகரப் பெயரின் முதலீரெழுத்துகளை ஆங்கில இணைப்புவினையாகப் படிக்கச் செய்வது அச்சிலேடை. 'நான் ஆசிரியன்' என வினையின்றியே தொடர் அமையும் தமிழில் இதற்கு இடமில்லை. தனிமனிதரை முதன்மைப்படுத்துகிறது என்னும் கருத்தும், சுற்றுலா நெரிசலும் காரணமாக, நகர மன்றத்தின் தீர்மானப்படி 2018 டிசம்பரில் அவ்வெழுத்துகள் அகற்றப்பட்டன. மக்கள் இட்ட பெயர் நிலைக்க, விளம்பரம் நட்ட பெயர் பெயர்ந்தமை எண்ணத்தக்கது.

நடுவெளி வெறுமையாக உள்ளது என்பது இத்திட்டத்தின் மீது எழும் குறை. அணுப்படைக்கலங்களை எதிர்த்து 1981 நவம்பரில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் திரண்ட இடம் இது. மரங்களாலும் மேடைகளாலும் நிரப்பியிருப்பின் நிழல் மிகும்; கூடுவதற்கு இடம் குறையும். எனவே வெறுமையைக் குறையெனக் கொள்ளாது, மன்றத்தின் இயல்பெனக் கொள்வதே பொருந்தும்.

திட்டம் தந்தது திடல். வாயில்கள் தந்தது முன்றில். மக்கள் தந்தது மன்றம். நான்கு தெருக்களின் கூடல் மட்டும் அங்கில்லை. இருந்தும் மொழிபெயர்ப்புகளில் வழக்கமாக இடம்பெறுவது 'சதுக்கம்' என்னும் சொல்லே. 1999ஐப் பற்றிய பனுவலில் 'திடல்' எனவும், 2015க்குப் பிற்பட்டதில் 'முன்றில்' எனவும், கூட்டங்களைப் பற்றியதில் 'மன்றம்' எனவும் பெயர்ப்பதே அவ்விடத்திற்கும் தமிழுக்கும் நேர்மையாகும்.