இழுவையின் இலக்கணம்: தொடர்களைத் திறனாயும் ஆர்வலர் வழக்கம், காரைக்குடியை முன்வைத்து

தொலைக்காட்சித் தொடர்களை நாள்தோறும் பார்த்து, அவற்றின் நிறைகுறைகளை ஊதியம் எதுவும் பெறாமல் விருப்பத்தின் பேரில் எழுதிவரும் வழக்கத்தை, இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கும்வரை, ஆர்வலர் திறனாய்வு என்று குறிக்கலாம். ஆர்வலர் என்னும் சொல் தகுதிக் குறைவைச் சுட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. நாளிதழோ அலைவரிசையோ தயாரிப்பு நிறுவனமோ சம்பளம் தராத, பகலெல்லாம் வங்கியிலோ பள்ளியிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் தொடரின் முன் அமர்கிற ஒருவரையே அது குறிக்கிறது. தமிழில் இவ்வழக்கத்துக்குத் தேவை இருப்பதற்குக் காரணம், தொடர்கள் பார்க்கப்படும் அளவுக்கு எழுதப்படாமையே. இசை, நாடகம், திரைப்படம் ஆகியவற்றுக்கு, 1930களில் ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதியது தொடங்கி, பின்னாளில் அவ்விதழ் படங்களுக்கு இட்ட மதிப்பெண் வரை, இதழ்வழி விமர்சன மரபு ஒன்று அமைந்தது. ஐந்தாண்டுகள் வாரம் தவறாமல் வீட்டுக்குள் வந்துபோகும் தொடருக்கோ நடிகையின் திருமணச் செய்தியும் தரவரிசைப் பட்டியலுமே மிஞ்சின. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் நேயர் கடிதங்களைப் படித்து மறுமொழி சொன்ன 'எதிரொலி' நிகழ்ச்சியைத்தான் இத்துறையில் பார்வையாளரின் சொல்லுக்குக் கிடைத்த முதல் பொதுமேடை என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

பார்வையாளரின் எழுத்து அறிவுத்துறைக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்கத் தொடரான 'டாலஸ்' நெதர்லாந்தில் பெரும் வரவேற்புப் பெற்றிருந்த காலத்தில், ஆய்வாளர் ஈன் ஆங் அந்நாட்டுப் பெண்கள் இதழ் ஒன்றில் சிறு விளம்பரம் தந்து, அத்தொடரைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் தமக்கு எழுதுமாறு கேட்டுக்கொண்டார். வந்து சேர்ந்தவை 42 கடிதங்கள். அவற்றைக் கொண்டே அவர் எழுதிய நூல், 1985இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, தொடர்களைப் பற்றிய ஆய்வின் போக்கையே மாற்றியது. நேயர்கள் தொடரை 'உண்மையானது' என்று சொல்லும்போது, எண்ணெய்ச் செல்வரின் மாளிகை தம் வீட்டைப் போல இருக்கிறது என்று கருதவில்லை, அங்கே நிகழும் பூசலும் அச்சமும் தம்முடையவை போல இருக்கின்றன என்றே கருதுகிறார்கள் என அவர் கண்டார். இதனை உணர்ச்சிவழி மெய்ம்மை எனலாம். ஆர்வலர் திறனாய்வை மதிப்பிட இக்கருத்து முதன்மையானது. ஏனெனில் தமிழில் எழுதப்படும் தொடர் விமர்சனங்களுள் பெரும்பாலானவை மற்றொரு மெய்ம்மையை, அதாவது 'இப்படியெல்லாம் நடக்குமா?' என்ற புறநிலை மெய்ம்மையை மட்டுமே அளந்து பார்த்து நின்றுவிடுகின்றன.

இவ்வழக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் காரைக்குடியைக் காட்டிலும் ஏற்ற ஊர் தமிழ்நாட்டில் அரிது. இவ்வூரினரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து, 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' போன்ற படங்களை அங்கேயே எடுத்து, பின்னர் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தார். அவரது நிறுவனமே பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களையும் தயாரித்தது. அதன் பின் ஊர் கதைக்களமாகத் திரும்பி வந்தது. திருமுருகன் இயக்கி நடித்த 'நாதஸ்வரம்' 2010 முதல் 2015 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, நாதஸ்வரக் கலைஞர் சொக்கலிங்கத்தின் (இப்பாத்திரத்தில் மௌலி நடித்தார்) குடும்பம் காரைக்குடியிலேயே வாழ்ந்தது; 2014 மார்ச் 5 அன்று அதன் ஆயிரமாவது பகுதி, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக, இங்கிருந்து நேரலையில் ஒளிபரப்பாயிற்று. 2018இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' பக்கத்தில் உள்ள குன்றக்குடியைக் களமாகக் கொண்டது. ஆகவே இவ்வட்டாரத்தில் தொடரைப் பற்றி எழுத அமரும் ஒருவர், தாம் பார்க்கும் கதைக்குள் தம் தெருவும் இருக்கக்கூடும் என்ற, பிற ஊரார்க்கு எளிதில் வாய்க்காத நிலையில் இருக்கிறார்.

ஆர்வலரின் முதல் வலிமை, எண்ணிக்கை சொல்லாததைச் சொல்ல முடிவது. பார்க் எனப்படும் ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வுக் குழுமம் 2015 முதல், சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்திய கருவிகளைக் கொண்டு, எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தனர் என்று வாரந்தோறும் கணிக்கிறது. விளம்பரக் கட்டணமும் ஒரு தொடரின் ஆயுளும் அந்த எண்ணையே சார்ந்துள்ளன. ஓர் அம்மா அடுக்களையில் இருந்தபடி காதால் மட்டும் கேட்டாரா, வில்லியைத் திட்டுவதற்கென்றே பார்த்தாரா, ரிமோட் மாமனாரின் கையில் இருந்ததால் பார்த்தாரா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. அவ்வீட்டின் கூடத்திலேயே அமர்ந்திருக்கும் எழுத்தாளருக்கு அது தெரியும். ஆனால் இவ்வலிமையை எழுதுபவர்களே பெரிதும் பயன்படுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களும் வியாழக்கிழமை வரும் தரவரிசையை எதிர்பார்த்திருந்து, எந்தத் தொடர் எதை முந்தியது என்று எழுதிவிட்டு, அதனைத் திறனாய்வு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

குறைகளுள் ஆழமானது வேறொன்று. அதன் வேர் இலக்கிய மேடையில் இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, புலவர் அல்லாத பெருங்கூட்டத்தைக் காவியத்தின் முன் அமர்த்தியதோடு, பட்டிமண்டபத்தையும் வழக்காடு மன்றத்தையும் புகழ்பெறச் செய்தது. இன்ன பாத்திரம் சிறந்ததா, இன்ன செயல் குற்றமா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டு, நடுவர் தீர்ப்புச் சொல்லும் இம்முறை, கல்லாதவரையும் நுட்பமாகக் கேட்கப் பழக்கியது. தமிழ்ச் சுவைஞர் கூட்டத்தை உருவாக்கியதில் அதன் பங்கு பெரிது. எனினும் அங்கே கூண்டில் நிற்பது பாத்திரம். கவிதை அமைந்த விதம், வல்லவர் பேசினாலன்றி, விசாரணைக்கு வருவதில்லை. அந்தப் பழக்கமே தொடர் விமர்சனத்திலும் தொடர்கிறது. மாமியார் செய்தது சரியா, மூத்த மருமகள் அவ்வளவு பொறுத்திருக்க வேண்டுமா, தம்பி அண்ணனை எதிர்த்துப் பேசலாமா என்று பத்தி பத்தியாக வாதிடுகிறார்கள். அந்த மாமியாரை அப்படிச் செய்யவைத்த எழுத்தாளரும், அவள் பேசி முடித்ததும் மூன்று முகங்களை இடியோசையோடு அண்மைக் காட்சியில் காட்டிய இயக்குநரும் சாட்சிக்குக்கூட அழைக்கப்படுவதில்லை. கம்பனிடம் கைகேயியை ஏன் இப்படிப் படைத்தாய் என்று கேட்க இயலாமல் போகலாம்; திங்கள் முதல் சனி வரை கதை வளர்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கத் தடையில்லை.

படைப்பு முறையைப் பேசத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுவது 'இழுவை'. தொடர்களைப் பற்றித் தமிழர் சொல்லும் பொதுக்குறை இது ஒன்றே. ஜவ்வு மிட்டாய் உவமை இன்றி எவரும் தொடரைத் திட்டுவதில்லை. ஆர்வலர் விமர்சனமும் இச்சொல்லை நாள்தோறும் எழுதுகிறது, ஆனால் அதனை வரையறுக்க முயல்வதில்லை. நெடுந்தொடர் என்பது நிகழ்ச்சிகளை விடக் காலத்தால் அமைந்த கலைவடிவம். வாரம் ஒன்றாகப் பதின்மூன்று பகுதிகளில் முடிந்த தூர்தர்ஷன் காலத் தொடருக்கும் ஆயிரம் பகுதி தாண்டும் இன்றைய தொடருக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. முன்னது முடிவை நோக்கி ஓடுகிறது, பின்னது முடிவைத் தள்ளிவைத்தே வாழ்கிறது. தள்ளிவைத்தல் அதன் இயல்பு என்பதால், தாமதம் என்ற காரணத்துக்காகவே ஒரு தொடரைக் குறை கூறுவது, ஆலாபனை நீள்கிறது என்று கச்சேரியைக் குறை கூறுவதைப் போன்றது. கேட்க வேண்டிய கேள்வி, நீட்டிய நேரத்தில் என்ன சேர்ந்தது என்பதே.

எடுத்துக்காட்டாக, 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் தாய் லட்சுமியின் சாவும் அதையொட்டிய சடங்குகளும் பல பகுதிகளுக்கு நீண்டன. கதை ஓர் அடிகூட நகரவில்லை என்று அதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் உண்மையான துக்க வீட்டிலும் கதை நகர்வதில்லை. செய்தி சொல்லி அனுப்புவதும், வரவேண்டியவருக்காகக் காத்திருப்பதும், நீர்மாலை எடுப்பதும், அழுது ஓய்ந்த பின் யாரோ ஒருவர் காப்பி கொடுப்பதுமாக நேரம் கனத்து நிற்கும். அந்தக் கனத்தைத் திரைப்படத்தின் இரண்டரை மணி நேரத்துக்குள் தர முடியாது. தொடருக்கு அது கைவரும். இதற்கு மாறாக, கதவுக்கு வெளியே நிற்பவர் பாதிப் பேச்சைக் கேட்டுத் தவறாகப் புரிந்துகொண்டு, அத்தவறு நீங்க நாற்பது நாள் ஆகும் வகையில் அமைக்கப்படும் தாமதம், எதையும் சேர்ப்பதில்லை. இருவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியதை, அவர்களைப் பேசவிடாமல் தடுத்தே அது உயிர்வாழ்கிறது. முன்னதை நிறுத்தம் என்றும் பின்னதை மட்டும் இழுவை என்றும் பிரித்து எழுதும் விமர்சனமே தொடருக்குரிய விமர்சனமாகும். இவ்வேறுபாட்டை உணர நாள்தோறும் பார்த்திருக்க வேண்டும் என்பதால், இது ஆர்வலருக்கே இயல்பாக வாய்க்கும் வேலை. பத்துப் பகுதிகளை ஒரே மூச்சில் செயலியில் ஓட்டிப் பார்த்து எழுதுபவருக்கு, விளம்பர இடைவேளையும் மறுநாள் வரையிலான காத்திருப்பும் கழிந்துவிடுவதால், இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஊர் அறிவு என்பது மற்றொரு வலிமை. ஆனால் அது இரு பக்கமும் வெட்டும். செட்டிநாட்டு வீட்டைக் களமாகக் கொள்ளும் ஒளிப்பதிவாளர்கள் வளவு எனும் உள்முற்றத்தின் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையும் விரும்பிக் காட்டுகிறார்கள். பார்ப்பவர் மனத்தில் அவ்வீடு கூட்டுக்குடும்பத்தின் அடையாளமாகப் பதிகிறது. தொடர்களின் நெறிப்படி, கூட்டுக்குடும்பம் என்றால் ஒரே அடுப்பு. தனிச்சமையல் என்ற பேச்சு எழுந்தாலே வீணை அழத் தொடங்கிவிடும். ஆனால் அத்தகைய வீடுகளைக் கட்டிய நகரத்தார் வழக்கம் வேறு. மணமான மகனைப் பெற்றோரே 'வேறு வைக்கிறார்கள்'. அதாவது, அதே கூரையின் கீழ்த் தனி அடுப்பும் தனிச் செலவுக் கணக்கும் அமைத்துத் தருகிறார்கள். மணமான ஆண்மகன் கோயில் வரிக்குத் தனிப் 'புள்ளி'யாகக் கணக்கில் ஏறுவதும் இதே சிந்தனையைச் சார்ந்தது. ஆக, பல அடுப்புகள் எரிந்தும் ஒரே வீடாக நின்ற ஏற்பாடு இம்மண்ணிலேயே இருந்திருக்க, அடுப்புப் பிரிந்தால் அன்பு பிரியும் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று கேட்க, இவ்வூர்க்காரரால் முடியும். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' மலையாளத்தில் 'சாந்த்வனம்' ஆகவும், இந்தியில் குஜராத்தின் சோம்நாத்துக்குக் குடிபெயர்ந்து 'பாண்டியா ஸ்டோர்' ஆகவும் உருமாறியதை இதனோடு சேர்த்து எண்ணினால், குன்றக்குடி அக்கதைக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்ற கேள்விக்கும் விடை புலப்படும்.

ஆனால் இதே அறிவு பிழைக்கும் இட்டுச் செல்கிறது. 'நாதஸ்வரம்', 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' ஆகிய இரு தொடர்களின் குடும்பங்களும் நகரத்தார் குடும்பங்கள் அல்ல. ஒன்று இசைக் கலைஞர் வீடு, மற்றது மளிகைக் கடைக்காரர் வீடு. 'ஆச்சி' என்று அழைக்கவில்லை, அண்ணியைக் குறிக்கும் 'அண்ணமிண்டி' என்ற சொல் வரவில்லை, ஆகவே இது காரைக்குடியே இல்லை என்று தீர்ப்பளிப்பவர், ஊரை ஒரு சமூகத்துக்குள் சுருக்கிவிடுகிறார். பேருந்து எந்தத் தெருவில் திரும்பியது என்று பிழை பிடிப்பதும் சுவையான வேலைதான்; அதனால் ஒரு காட்சி நன்கு அமைந்ததா என்பது விளங்கிவிடாது. தகவல் திருத்தம் திறனாய்வின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, ஊர் அறிவு ஊர்ப் பெருமையாகிவிடுகிறது.

முடியாத படைப்பைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பதும் இவ்வழக்கத்தின் தீராச் சிக்கல். தொடங்கிய வாரத்திலேயே பலர் எழுதிவிடுகிறார்கள். அப்போது கண்ட வில்லி முந்நூறாவது பகுதியில் குடும்பத்தின் தூணாகியிருப்பாள். நடுவில் இயக்குநரும் வசனகர்த்தாவும் மாறலாம். 'இவருக்குப் பதில் இவர்' என்ற ஒற்றை வரியோடு ஒரு நாயகியின் முகமே மாறிவிடலாம். இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்து, முன்பு சொன்னதைப் பின்பு திருத்திக்கொள்ளும் பொறுமை சிலருக்கே உண்டு. மற்றவர் கதைச்சுருக்கம் எழுதி ஓய்கிறார்கள், அல்லது அலுத்துப்போய்க் கேலிக்குத் தாவுகிறார்கள். கேலி எளிதில் கைதட்டல் பெறும். ஆனால் அது படைப்பை வெளியில் நின்று பார்ப்பதால், அதே படைப்புக்கு நாள்தோறும் கண் கலங்குபவரை இகழ்வதில் முடிகிறது. தொடர் பார்ப்பவர்களில் பெண்களும் முதியவர்களும் மிகுதி என்பதை நினைத்தால், இந்த இகழ்ச்சி யார் மேல் விழுகிறது என்பது தெளிவு.

கண்டனத்துக்கும் கேலிக்கும் வேறுபாடு உண்டு. திருமுருகனின் 'கல்யாண வீடு' தொடரில் பெண்ணொருத்தி மீது பாலியல் வன்முறையை ஏவும் காட்சிகளுக்காக, ஒளிபரப்பாளர்களே அமைத்துக்கொண்ட உள்ளடக்கப் புகார்க் குழு 2019இல் இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, மன்னிப்பையும் ஒளிபரப்பச் செய்தது. ஆனால் புகார் மனு விதிமீறலை மட்டுமே கேட்கும். விதிக்கு உட்பட்டே நாள்தோறும் ஒரு மருமகளை அடுக்களையில் அழவைக்கும் தொடரை எந்தக் குழுவும் தண்டிக்க இயலாது. அந்த இடத்தில் பேசத் திறனாய்வாளர் ஒருவரே மீதம்.

2023 அக்டோபரில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முடிந்து அதன் இரண்டாம் பாகம் தொடங்கியபோது, கடைப் பெயரும் மூத்தவராக நடித்த ஸ்டாலினும் தவிர ஏறத்தாழ எல்லாம் மாறின. தம்பிகளை வளர்த்த அண்ணன் மூர்த்தியாக இருந்தவர், இப்போது பிள்ளைகளை அதட்டும் தந்தை பாண்டியனாக வந்தார். புதிதாகப் பார்ப்பவருக்கு அவர் கண்டிப்பான ஒரு தகப்பன். ஐந்தாண்டு பார்த்தவருக்கோ, அவர் கல்லாப்பெட்டியை மூடிவிட்டு நிமிரும்போது பழைய அண்ணனும் அந்த முகத்தில் வந்து நிற்கிறான். எழுதியவரும் இயக்கியவரும் திட்டமிட்டார்களோ இல்லையோ, அந்த நிழல் காட்சிக்குள் இருக்கிறது. அதனை எழுத, முதல் பாகத்தை நாள்தோறும் பார்த்துக் குறித்துவைத்த ஆளே வேண்டும்.