வாசலில் எண்ணிய வாட்டுகள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணிக்குப் போனால், சி.ஐ.டி. வளாகத்தில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. மின்னணுக் கருவிகள் கசியவிடும் ரேடியோ அலைகளைச் சோதிக்கும் இடம். இத்தகைய சோதனைக்கென்றே, அலைகளை விழுங்கும் கூம்புகள் பதித்த அறை உண்டு. சுவர் எதையும் திருப்பி அனுப்பாததால், குறித்த தூரத்தில் நிற்கும் ஆண்டெனாவில் விழுவது கருவி தந்த அலை மட்டுமே.

அணுக்கரு இணைவு உலையில் ஆண்டெனாவிலிருந்து ரேடியோ அலையை அனுப்பிப் பிளாஸ்மாவைச் சூடேற்றுகிறார்கள்; அந்த அலையை அளக்க இந்த வசதி எதுவும் இல்லை. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 2013இல் முதல் பிளாஸ்மாவை உண்டாக்கிய எஸ்.எஸ்.டி.-1 டோக்காமக் எனும் வளைய உலையையே பார்ப்போம். அதன் பிளாஸ்மா வளையத்தின் குறுக்கு ஆரம் 20 செ.மீ. 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அயனி சுழலும் அலைவெண் ஏறத்தாழ 23 மெகாஹெர்ட்ஸ். வெட்டவெளியில் 13 மீட்டர் நீளும் அந்த அலைவெண்ணின் ரேடியோ அலை, அடர்ந்த பிளாஸ்மாவுக்குள் அரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அப்படியும் அது பிளாஸ்மாவின் ஆரத்தைவிடப் பெரிது; தள்ளி நின்று அளக்க இடமில்லை. அளவுகோலை உள்ளே நீட்டலாம் என்றால், பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் அது உருகும், பிளாஸ்மாவும் கெடும்.

எனவே வாசலிலேயே எண்ணிவிடுகிறார்கள். ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் குழாயில் டைரக்‌ஷனல் கப்ளரைப் பொருத்தி, உள்ளே போகும் திறனையும் திரும்பி வரும் திறனையும் தனித்தனியே அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பிளாஸ்மாவுக்குச் சேர்ந்தது என்பது கணக்கு.

இந்த முறையின் அருமை பெரியது. பிளாஸ்மாவைத் தொடுவதில்லை, தேய்மானம் இல்லை, துடிப்பு எவ்வளவு நேரம் நீண்டாலும் வேலை செய்யும். திரும்பும் அலை திடீரென உயர்ந்தால் மைக்ரோ வினாடிக் கணக்கில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சமிக்ஞையும் இதிலிருந்துதான் வருகிறது. பிரான்சில் எழும் இட்டர் உலைக்கு அயனிச் சூடேற்ற ரேடியோ மூலங்களை வழங்கும் பொறுப்பு இந்தியாவுடையது. அத்தகைய மூலங்களைக் காப்பதற்கு இது நம்பகமான வழி.

குறையோ கழித்தலிலேயே தொடங்குகிறது. 100 கிலோவாட் போய் 90 திரும்பினால் மிச்சம் 10. போன கணக்கில் வெறும் 3 சதவீதம் பிசகினாலும், மிச்சத்தில் அது 30 சதவீதப் பிழை. அந்த 10 கிலோவாட்டிலும் ஆண்டெனாவின் உலோகம் தின்றது எவ்வளவு என்று, பிளாஸ்மா இல்லாதபோது அளந்த தடையை வைத்து இன்னொரு முறை கழிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி, உள்ளே போனது எங்கே போனது என்பது. பிரின்ஸ்டனின் என்.எஸ்.டி.எக்ஸ். எந்திரத்தில், நடுப்பகுதியைச் சூடேற்ற அனுப்பிய திறனில் கணிசமான பங்கு விளிம்பிலேயே கசிந்து, அடித்தளத் தகடுகளில் சுருள் வடிவில் ஒளிர்ந்ததைக் கேமராக்கள் காட்டின. கப்ளரின் பார்வையில் அதுவும் பிளாஸ்மாவுக்குள் போன திறன்தான்.

உள்ளே எட்டிப் பார்க்கும் முறைகள் இல்லாமல் இல்லை. எம்.ஐ.டி.யின் ஆல்கேட்டர் சி-மாட் எந்திரத்தில், கார்பன்-டை-ஆக்சைடு லேசர் கதிரைப் பிளாஸ்மாவின் ஊடே செலுத்தி, அலை உண்டாக்கிய அடர்த்திச் சிற்றலைகளையே படம் பிடித்தார்கள். பிரான்சின் டோர் சுப்ரா எந்திரத்தில், அணுக்கள் உமிழும் ஒளிக்கோட்டின் உருமாற்றத்திலிருந்து ஆண்டெனா முன்னுள்ள மின்புலத்தைக் கணித்தார்கள். ஆனால் லேசர் தருவது பாதை முழுவதன் கூட்டுத்தொகை. ஒளிக்கோடு பேசுவது விளிம்பைப் பற்றி மட்டும். இரண்டுமே கணினி மாதிரியின் துணையின்றி முழு விடை தராதவை.

ஆகவே வாசல் கணக்கைக் கைவிடச் சொல்வது அறியாமை. அதை மட்டும் காட்டி 'பிளாஸ்மாவுக்கு இத்தனை கிலோவாட் கொடுத்தோம்' என்று ஆய்வறிக்கையில் எழுதுவதுதான் தவறு. தரமணி போன்ற சோதனைக்கூடங்களில் அளவோடு பிழை வரம்பையும் குறிப்பது நடைமுறை. இணைவு ஆய்வறிக்கையிலும் ஒவ்வொரு திறன் எண்ணுக்கும் பக்கத்தில் கப்ளரின் பிழை வரம்பும், விளிம்பில் இழந்ததன் மதிப்பீடும் அச்சாக வேண்டும்.