ஊறும் உருவும்: பழனித் திருமேனி வழி ஒரு திறனாய்வு

சிற்பம் கண்ணுக்குரிய கலை என்று கொள்வதே பெருவழக்கு. ஆயின், காண்போர் தம் கையாலே தொட்டும் திருப்பியும் அசைத்தும் நுகருமாறு அமைந்த சிற்பங்கள் இக்காலத்தே பெருகி வருகின்றன. இவற்றைப் புதுமையென்று போற்றுவாரும் விளையாட்டென்று ஒதுக்குவாரும் உளர். தொடுகை சிற்பத்திற்குச் சேர்ப்பது யாது என்னும் வினாவை இருதிறத்தாரும் தெளிவாக எழுப்பக் காண்கிலேம். அடியார் கை படலாகாதெனக் காக்கப்பெறும் பழனித் திருமேனியை இவ்வினாவிற்கு உரைகல்லாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. அதற்குமுன், தொடுதற்குரிய சிற்பம் பிறவிடங்களில் எய்திய நிலையைச் சுருங்கக் காண்பாம்.

செருமானிய அறிஞர் ஹெர்டர் 1778இல் வெளியிட்ட நூலில், ஓவியம் கண்ணுக்கும் சிற்பம் ஊற்றுணர்வுக்கும் உரியன என்று வாதிட்டார். உருமேனியாவிற் பிறந்த பிரான்குசி, முட்டை வடிவாக இழைத்த பளிங்கொன்றிற்குப் ‘பார்வையற்றோர்க்குரிய சிற்பம்’ என்று பெயரிட்டார். பிரேசில் நாட்டு லிஜியா கிளார்க் 1960 முதல் உலோகத் தகடுகளைக் கீல்களால் இணைத்துச் சிற்பங்கள் செய்தார். காண்போர் அவற்றை மடித்தும் விரித்தும் வேறு வேறு வடிவம் காணலாம். கை படாதவழி அவை முற்றுப்பெறா. எனினும், கை படப்படத் தேய்வதும் உண்மையன்றோ? 2014இல் நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தில் நிகழ்ந்த அவர்தம் காட்சியில், மக்கள் கையாளுதற்கு மாற்றுப்படிகளே வைக்கப்பெற்றன. தொடுவதற்கென்றே பிறந்த கலை, காக்கப்படுதல் வேண்டித் தொடுகையை இழந்தது.

இம்முரண் மேலைநாட்டிற்கே உரியதன்று. மதுரை மீனாட்சியம்மை கோயிலிலும் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் உள்ள இசைத்தூண்கள் யாவரும் அறிந்தவை. கண்ணுக்கு அவை கற்றூண்களே. கை தட்டியவழியே கல்லுள் ஒலி உறைதல் புலனாகும். அம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிஞர் ஆராய்ந்து, தூண்களின் வளைவதிர்வே ஒலிக்குக் காரணம் என 2008இல் வெளியிட்டனர். இங்குத் தொடுகை, கண் அறியாத ஒன்றை வெளிப்படுத்துகிறது. இதனையே தொடுதற்குரிய சிற்பத்தின் முதல் அளவுகோலாகக் கொள்ளல் தகும். ஆயினும், பழுது நேராமை வேண்டி அம்பித் தூண்களைத் தட்டுதல் இன்று தடுக்கப்பட்டுள்ளது. மீண்டும் அதே முரணைக் காண்கிறோம்.

இனிப் பழனியை நோக்குவாம். மலைமேல் உறையும் தண்டாயுதபாணியின் திருமேனியைப் போகர் நவபாடாணங் கொண்டு ஆக்கினார் என்பது மரபு. கொடைக்கானலை அடுத்த பூம்பாறைக் குழந்தை வேலப்பர் திருமேனியையும் அச்சித்தரொடு சார்த்தியே கூறுவர். பழனித் திருமேனியைத் தீண்டுவார் அருச்சகர் மட்டுமே. ஆயினும் அடியார்க்குத் தொடுகை முற்றும் மறுக்கப்படவில்லை. இடைப்பொருள் வழியாக அது வழங்கப்படுகிறது. திருமேனியிற் சாத்தப்பெறும் திருநீறு அடியார் நெற்றியை அடைகிறது. பஞ்சாமிர்தம் நாவை அடைகிறது. இரவிற் சாத்திய சந்தனம் மணமாய்ப் பரவுகிறது. மலைச்சரிவில் விளையும் விருப்பாட்சி வாழைப்பழமும் வெல்லமும் நெய்யும் தேனும் ஏலமும் கூடிய அவ்வமுது, 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை வகுக்குங்கால் ஊற்றுணர்வை முதற்கண் வைத்தார். சுவை, நாற்றம் ஆகியவற்றை அடுத்து வைத்தார். கண்ணுணர்வை நான்காவதாகவே நிறுத்தினார். அஃது உயிர்ப்பாகுபாடேயன்றிக் கலைக்கோட்பாடன்று. எனினும் பழனி வழிபாட்டை விளக்க அது பெரிதும் துணைசெய்கிறது. கண்ணுக்குத் திருவுருவைக் காட்டும் அக்கோயில், கண்ணுக்கு முற்பட்ட மூன்று புலன்களையும் வறிதே விடவில்லை. மூலமும் காக்கப்பட வேண்டும், தொடுகையும் நிகழவேண்டும் என்னும் சிக்கலுக்கு, மாற்றுப்படியின்றியே நம் முன்னோர் கண்ட விடை இது.

ஆயினும் இவ்விடை முழுமையானதா என்று வினவுதல் திறனாய்வாளர் கடன். இடைப்பொருள் வழி அடியாரை எய்துவது திருமேனியின் சார்பேயன்றி உருவம் அன்று. வலக்கையில் தண்டேந்தி, இடக்கையை இடையிற் சேர்த்து நிற்கும் அந்நிலையைக் கண்ணே அறியும். பார்வையற்ற அடியார் ஒருவர் மலையேறி வந்து திருநீறும் அமுதும் மணமும் பெறுகிறார். உருவை மட்டும் பிறர் சொல்லாலேயே பெறுகிறார். ஊற்றுணர்வொன்றே உருவை உணர்த்தவல்லதாக, அவருக்கு அதுவே மறுக்கப்படுகிறது.

இக்குறை நீக்கற்கு அரியதன்று. புதுதில்லித் தேசிய அருங்காட்சியகம், பார்வையற்றோர் தொட்டறியும் மாற்றுப்படிகள் கொண்ட ‘அனுபவ்’ என்னும் காட்சிக்கூடத்தை 2015இல் திறந்தது. பழனி மலையடிவாரத்தில், வழிபாட்டிற்குரியதன்றாகிய கல்லுருவொன்றை மூலத்தின் அளவும் நிலையும் வழுவாது செய்து, கையால் தடவி அறியுமாறு நிறுத்தலாம். கருவறை மரபிற்கு அதனால் ஊறு இல்லை. இங்கு மாற்றுப்படி மூலத்தின் இடத்தைக் கவர்வதன்று. இடைப்பொருள் தாராத உருவறிவைத் தருவதாகும்.

ஆகவே, தொட இசைவளித்தல் ஒன்றானே ஒரு சிற்பம் சிறப்பெய்தாது. தொடாது காத்தல் ஒன்றானே குறைவுபடவும் செய்யாது. தொட்ட கை எதனை அறிந்தது, தொடவியலாதார்க்கு எவ்வழி திறந்திருந்தது என்னும் இரண்டையும் கொண்டே இவ்வகைக் கலையை மதிப்பிடுதல் வேண்டும் என்பது எம் துணிபு.